ஏரியில் நட்ட மூங்கில்

உரிமத்தில் எழுதியிருக்கும் முகவரியைத் தவிர வேறு இடத்தில் அமெச்சூர் வானொலி நிலையத்தை இயக்க விரும்புகிறவர், இடத்தையும் நாளையும் குறிப்பிட்டு விண்ணப்பித்து, எழுத்து மூலம் முன் அனுமதி பெற வேண்டும். விதி இவ்வளவுதான். முதலில் வந்த விண்ணப்பத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது விதியில் எழுதப்படாத, ஆனால் நான் பணியில் இருந்தவரை யாரும் மீறாத இன்னொரு விதி. இது எனக்குத் தெரியும். கம்பியில்லாக் கருவிகளுக்கு உரிமம் கொடுக்கும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துதான் எனக்குத் தலை நரைத்தது.

அப்படியிருக்க, தை மாதமே மூன்று பிரதிகளில், இணைப்புகளுக்கு வரிசை எண் போட்டு நான் அனுப்பிய விண்ணப்பத்துக்குச் சித்திரை பிறந்தும் பதில் இல்லை. பங்குனியில், கல்யாண மண்டபத்தின் லெட்டர்பேடில், தேதி போட மறந்து, 'பழவேற்காட்டில் செட் போட ஆசை, தயவு செய்யவும்' என்று எழுதிய வரதராஜுலுவுக்கு அனுமதி வந்துவிட்டது.

வரதராஜுலு பெரம்பூரில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். வீட்டில் சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் முகம் தெரியாத ஒருவரோடு குரலிலோ மோர்ஸ் தந்தி மொழியிலோ பேசுவது. பேசியதற்கு அத்தாட்சியாக இரு தரப்பும் தபாலில் ஓர் அட்டை அனுப்பிக்கொள்ள வேண்டும். அட்டை வந்தால்தான் பேசியது கணக்கில் சேரும். அவரிடம் இருப்பது மருமகன் வாங்கி வந்த ஜப்பான் செட். என்னிடம் இருப்பது, மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன் அங்கே ராணுவக் கழிவுச் சாமான் பொறுக்கி நானே கட்டியது. அவருக்கு வந்த அட்டைகள் மண்டபத்து ஆபீஸ் அறையின் ஒரு சுவரை முழுக்க மூடியிருக்கின்றன. எனக்கு வந்தவை ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. டப்பாவில் இன்னும் பிஸ்கட் வைக்க இடம் இருக்கிறது.

கம்பியில்லாத் தந்தியை உலகத்துக்குக் கொண்டுவந்த அந்த இத்தாலிய முன்னோடியின் பிறந்தநாளை ஒட்டி, ஒரு சனிக்கிழமையன்று, அவர் வேலை செய்த கடற்கரைகளிலிருந்தெல்லாம் சிறப்பு நிலையங்கள் ஒலிபரப்பும். உலகமெங்கும் எங்களைப் போன்றவர்கள் அவற்றைப் பிடிக்க முட்டி மோதுவார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் எழுத்து புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஒரு பாறைமுனை இருக்கிறது. அங்கேயிருந்து ஓர் அட்டை. நம் கல்கத்தாப் பேராசிரியர் ஒருவர் அந்த இத்தாலியருக்கு முன்பே கம்பியில்லாமல் மணியடித்துக் காட்டியவர். அவருக்கு இப்படி ஒரு நாள் இல்லை. காப்புரிமைக்கு அவர் அலைந்து திரியவில்லை, அவ்வளவுதான். இந்த வகை மனிதர்களை நினைத்தால் எனக்கு மனம் கொஞ்சம் ஆறும்.

அயனாவரத்தில் என் வீட்டு மாடியிலிருந்து முன்பு முயன்று பார்த்தாயிற்று. அடுத்த வீட்டு மிக்ஸியும் எதிர்வீட்டு டியூப்லைட்டும் சேர்ந்து போட்ட இரைச்சலில் இங்கிலாந்து காதில் விழவில்லை. எங்கள் அலைகளுக்கு உப்புத் தண்ணீர் என்றால் பிரியம். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பேரியும் உள்ள இடத்தில் ஏரியல் கட்டினால் சின்ன செட்டும் பெரிய செட்டாகிவிடும். அதனால்தான் பழவேற்காடு. அந்த இடத்தை வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்தவன் நான். எங்கள் வானொலிச் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னவனும் நான்தான். பக்கத்து நாற்காலியில் வரதராஜுலு இருந்தார்.

"சார், உங்களுக்கு வராட்டா என்ன? எனக்கு வந்திருக்கே. வாங்க, சேர்ந்து போவோம்" என்றார்.

அப்படிப் போனால், விதிப்படி, அவர் முன்னிலையில் அவருடைய செட்டை நான் இயக்கலாம். ஆனால் வானத்தில் போகிற அழைப்புக்குறி, அதாவது நிலையத்தின் பெயர், அவருடையதாகத்தான் இருக்கும். வருகிற அட்டையும் அவருக்குத்தான். இந்த விதியை எத்தனையோ பேருக்குக் கடிதத்தில் விளக்கியவன் நான். சரி என்றேன். போகாமல் வீட்டில் இருந்து அவர் போனதை நினைத்துக்கொண்டிருப்பதைவிட, கூடவே போய்ப் பார்த்துக்கொண்டிருப்பது மேல் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவர் தன் பியட் காரில் வரச் சொன்னார். நான் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டேன். ஒரு கையில் மாற்று பாட்டரி, இன்னொரு கையில் துண்டில் சுற்றிய, மோர்ஸ் தட்டும் என் பித்தளைச் சாவி. பொன்னேரியில் மாறிய பஸ்ஸில் கண்டக்டர் பாட்டரியைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே இது, குண்டா?"

"பாட்டரி."

"எந்த லாரிக்கு?"

"லாரிக்கு இல்லை. இங்கிலாந்தோடு பேச."

அவர் என்னை ஒரு முறை, பாட்டரியை ஒரு முறை பார்த்துவிட்டு, பாட்டரிக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார். "ரெண்டும் ஒரே சீட்டுல ஒக்காருங்க. நடுவுல ஆள ஏத்தமாட்டேன், பயமாக்கீது" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

திருப்பாலைவனம் தாண்டியதும் டயர் பஞ்சரானது. எல்லோரும் இறங்கி ஒரே ஒரு வேலமரத்தின் நிழலைப் பங்கு போட்டுக்கொண்டோம். மாற்று டயரும் பஞ்சர் என்பது அதைக் கழற்றிய பிறகு தெரிந்தது. அப்போதுதான் மூன்று முறை ஹார்ன் அடித்துக்கொண்டு பியட் எங்களைத் தாண்டிப் போயிற்று. காட்டூரில் வரதராஜுலுவின் சம்பந்திக்கு நிலம் இருக்கிறது. அங்கே வெட்டிய நீள மூங்கில் காரின் தலைமேல் கட்டியிருந்தது. வாலில் சிவப்புத் துணி. வரதராஜுலு கையை வெளியே நீட்டி ஆட்டினார். நிற்கவில்லை. நான் கையைக் காட்டவில்லை என்பதால் அவரைக் குறை சொல்ல வழியில்லை. பாட்டரியிலிருந்து கசிந்த அமிலம் என் பேண்ட்டில் ஓர் ஓட்டை போட்டிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் நான் இறங்கியபோது அவர் காதர் பாய் ஹோட்டலில் இறால் பிரியாணியை முடித்துவிட்டு எலுமிச்சைச் சாற்றால் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பிறவிச் சைவம். எனக்கு பன்னும் வாழைப்பழமும் டீயும் கிடைத்தன. பிரியாணியின் வாசனைக்குக் காசு வாங்கவில்லை.

காதர் பாயின் முன்னோர் மரக்கலம் ஓட்டித் துணி வியாபாரம் செய்தவர்களாம். நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டுக்கொண்டு, "வெளிநாட்டோட பேச இவ்ளோ தூரம் வந்தீங்களா? ஒரு காலத்துல வெளிநாடே இங்க வந்து நின்னுச்சு சார். அப்பறம் மெட்ராஸ்னு ஒண்ணு மொளச்சு எல்லாத்தயும் அள்ளிக்கினு போச்சு" என்றார். மெட்ராஸ் முளைத்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் நடந்ததுபோல் சொன்னார். அந்த ஊரில் எனக்கு உடனே பிடித்துப்போன மனிதர் அவர்தான்.

காரை அவர் கடை வாசலில் விட்டுவிட்டு, மூங்கிலையும் பெட்டிகளையும் படகில் ஏற்றி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனோம். தங்க இடம் கொடுத்தவர் தேசப்பன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கடலுக்கும் போவார், ஏரிக்கும் போவார், ஊர்ப் பஞ்சாயத்திலும் ஒருவர். அவர் மனைவி கஸ்தூரி அன்று ராத்திரிக்கு மடவை மீன் குழம்பு வைத்தாள். எனக்காகத் தனியாகத் தக்காளி ரசம். நான் சட்டியை முகர்ந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"புதுச் சட்டி சார். மீனு இந்தத் தெருப்பக்கமே வரலனு நெனச்சிக்கினு துன்னுங்க" என்றாள்.

வரதராஜுலு மூன்றாவது முறையாகக் குழம்பு வாங்கிக்கொண்டு, "சார், வாழ்க்கையில ஒண்ணுமே பாக்கல நீங்க" என்றார். வாய் நிறைய மடவையோடு ஒருவர் சொல்கிற தத்துவத்துக்குப் பதில் சொல்வது என் வழக்கமில்லை.

சனிக்கிழமை காலையில் தகராறு ஆரம்பித்தது.

ஏரியல் கட்ட நான் காட்டிய இடம் மேற்கே ஏரிக்கரையில் மேடான மணல். வரதராஜுலுவுக்கு அது போதவில்லை. "உப்புத் தண்ணிதானே வேணும்னீங்க? தண்ணிலயே நட்டுடுவோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கி, காட்டூர் மூங்கிலைச் சேற்றில் ஊன்றினார். தொழில்நுட்பப்படி அது சரியான யோசனை. எனக்குத் தோன்றாமல் போனதே என்று இருந்தது. கம்பிகளை இழுத்துக் கட்டிவிட்டு, கரையில் தேசப்பனின் வலைக்கொட்டகையில் செட்டை வைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் கரையில் ஆள் சேர ஆரம்பித்தது. முதலில் வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தேன். யார் முகத்திலும் வேடிக்கை இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். தேசப்பன் முன்னால் வந்தார்.

"இன்னா சார் இது? யாரக் கேட்டுக் கம்பு நட்டீங்க?"

"கம்பு இல்லப்பா, ஏரியல்" என்றார் வரதராஜுலு.

"ஏரியலோ கீரியலோ, தண்ணில நட்டா அது கம்பு. கம்பு நட்டா, இந்த எடம் எனக்குனு சொல்றதா அர்த்தம். நீங்க எந்தத் தலைக்கட்டு? உங்களுக்கு யாரு பாடு குடுத்தா?"

தலைக்கட்டு என்றால் குடும்பம். பாடு என்றால் முறை. அந்த ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம். வலை போட உரிமையுள்ள குடும்பங்கள் நிறைய. அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு, நாளைக்கு அடுத்தவருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். தன் பாடு வருகிற அன்று மீன் விழுந்தாலும் அவருக்குத்தான், வெறும் பாசி வந்தாலும் அவருக்குத்தான். அடுத்தவர் பாட்டில் போய்க் கம்பு நடுவது அங்கே சின்னக் குற்றமில்லை. ஊர்களே அடித்துக்கொண்டிருக்கின்றனவாம். அன்று அந்த இடம் தேசப்பனின் பங்காளிகளுக்கு. சாயங்காலம் விளக்கு வைத்தபின் அவர்கள் வலை இறக்க வேண்டும்.

வரதராஜுலு தன் அனுமதிக் கடிதத்தை எடுத்துவந்து விரித்துக் காட்டினார். "கவர்மெண்ட் பர்மிஷன். பார், டெல்லி முத்திரை."

தேசப்பன் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு மரியாதையாக வாங்கிப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"டெல்லிக்காரருக்கு இந்த ஏரில பாடு கெடையாது நைனா."

நான் என்னென்னவோ விருந்தெல்லாம் சாப்பிட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் தந்த நிறைவை எதுவும் தந்ததில்லை. எனக்கு வராத அந்தக் கடிதம், என்னைத் தூங்கவிடாத அந்தக் கடிதம், ஏரிக்காற்றில் படபடத்துக்கொண்டு வரதராஜுலுவின் கையில் ஒன்றுக்கும் உதவாமல் நின்றது.

"மூங்கிலைப் பிடுங்கிடுவோம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிடுங்கினால் பாறைமுனையும் போய்விடும்.

பஞ்சாயத்தார் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார்கள். நாங்கள் எதைப் பிடிக்க வந்திருக்கிறோம் என்று தேசப்பன் கேட்டார். இங்கிலாந்தில் ஒரு நிலையம், இன்று ஒருநாள்தான் வரும், அதைப் பிடிக்க வேண்டும் என்றேன்.

"எத்தினி வரும்?"

"ஒன்றுதான்."

"ரெண்டு பேருக்கும் அதே ஒண்ணுதான் வேணுமா?"

ஓரத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த கஸ்தூரி சொன்னாள்: "மூஞ்சப் பாத்தா தெரீல? வந்ததுலருந்து ஒருத்தர் துன்றத ஒருத்தர் பாத்துக்கினு கீறாங்க."

பஞ்சாயத்து முடிவு சீக்கிரம் வந்தது. பங்காளிகள் வலை இறக்கும்வரை மூங்கில் நிற்கலாம். பதிலுக்கு நாங்கள் மாரியம்மன் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரே மீனுக்கு இரண்டு பேர் வந்திருப்பதால் எங்களுக்குள்ளும் பாடு உண்டு. சாயங்காலம் லைட்ஹவுஸில் விளக்கு ஏற்றுகிறவரை ஒருவர், விளக்குக்குப் பின் வலைப்படகு வருகிறவரை இன்னொருவர். ஒருவர் பாட்டில் மற்றவர் செட்டைத் தொடக்கூடாது.

"செட் என்னுது. பர்மிஷன் என்னுது" என்றார் வரதராஜுலு.

"படகு உன்னுதுனு சொல்லு. யாரு இல்லனா? பாடு வேற, படகு வேற."

கடலுக்கு இருப்பதுபோல் எங்கள் அலைகளுக்கும் ஏற்றவற்றம் உண்டு. பகலில் இங்கிலாந்து கேட்காது. சூரியன் மேற்கே இறங்கிய பிறகுதான் அந்தப் பக்கத்து வழி திறக்கும். ஆகவே இருவருக்கும் விளக்குக்குப் பிந்திய பாடுதான் வேண்டும். தேசப்பன் ஒரு மட்டிச் சிப்பியையும் ஒரு நத்தை ஓட்டையும் பொறுக்கி, துண்டுக்குள் போட்டுக் குலுக்கினார். மட்டி எனக்கு, நத்தை அவருக்கு. கஸ்தூரி கையைத் துடைத்துக்கொண்டு துண்டுக்குள் விட்டாள். முதல் பாட்டுக்கு வந்தது நத்தை.

நான் முகத்தை ஒரு மாதிரியும் வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். "சிரிக்காதீங்க சார்" என்றார் வரதராஜுலு.

பகல் முழுக்க அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார். வந்தது ஒரு பர்மாக்காரரும், இரைச்சலும். நான் கொட்டகைக்கு வெளியே கவிழ்த்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து அவர் தொண்டை கம்முவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கஸ்தூரி அவருக்கு நண்டு வறுத்துக் கொடுத்தாள். எனக்கு மோர். அன்று மோர் இனித்தது.

வெயில் தாழ்ந்தது. ஏரி செம்பு நிறமானது. கொட்டகைக்குள்ளிருந்து மெல்லிய ஒலி ஒன்று வர ஆரம்பித்தது. குரல் இல்லை, மோர்ஸ். ஐரோப்பா விழித்துக்கொண்டுவிட்டது. வரதராஜுலு நிமிர்ந்தார். மோர்ஸ் பரீட்சையில் மூன்றாவது முறை தேறியவர் அவர். குரலென்றால் சிங்கம், புள்ளியும் கோடும் என்றால் மந்தக் காது. இருந்தாலும் அந்த அழைப்புக்குறியை அவரும் அடையாளம் கண்டுகொண்டார். பாறைமுனை. தெளிவாக, அவசரமில்லாமல், தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் மைக்கில் கூப்பிட்டார். அவர்கள் மோர்ஸில் இருக்கும்போது குரலில் கூப்பிட்டு என்ன பயன்? சாவியைத் தேடினார். இருந்த ஒரே சாவி என் மடியில், துண்டில் சுற்றி இருந்தது.

"சார், கொஞ்சம் சாவி குடுங்க."

"ஒருவர் பாட்டில் மற்றவர் தொடக்கூடாது என்று தீர்ப்பு" என்றேன்.

"செட்டைத்தானே தொடக்கூடாதுன்னாங்க? சாவி குடுக்கறதுக்கு என்ன?"

"என் படகை நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அந்த நேரத்தில் லைட்ஹவுஸில் விளக்கு எரிந்தது. ஒளி ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டகைக் கூரையைத் தொட்டுவிட்டுப் போயிற்று. தேசப்பன் வாசலில் நின்றார்.

"பாடு முடிஞ்சுது. ஏந்திரு நைனா."

நான் உட்கார்ந்தேன். சாவியை இணைத்தேன். முதல் விரலசைவுக்கு முன்னால் ஒன்று நினைவுக்கு வந்தது. என் அழைப்புக்குறியை அனுப்ப எனக்கு அனுமதி இல்லை. யாரும் அறியமாட்டார்கள். வரதராஜுலுவுக்குக் காது போதாது, தேசப்பனுக்கு அந்த மொழி தெரியாது, டெல்லி வெகுதூரம். இதே தப்புக்காக எத்தனையோ பேரின் உரிமத்தை நிறுத்திவைக்கக் குறிப்பு எழுதியவன் நான். என் விரல் வரதராஜுலுவின் அழைப்புக்குறியைத் தட்டியது. ஒவ்வொரு எழுத்தும் கசந்தது. ஆனாலும் நன்றாகத் தட்டினேன். கசப்புக்காகக் கையெழுத்தைக் கெடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

உலகமே அந்த நிலையத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, யாருக்கும் பாடு இல்லாமல், முகத்துவாரத்தில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் நுழைந்ததுபோல். பின்னால் தேசப்பன், "இன்னா சார், இவங்களுக்குப் பஞ்சாயத்தே இல்லியா?" என்றார்.

இருட்டு இறங்கியது. ஏரியில் பங்காளிகளின் வலைப்படகு வருகிற துழாவல் சத்தம் கேட்டது. இன்னொரு முறை தட்டினேன். இன்னும் ஒரு முறை. அப்போது அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு சின்ன மௌனம் வந்தது. அதற்குள் என் எழுத்துகளை வைத்தேன். பாறைமுனை திரும்பிப் பேசியது.

நன்றாகக் கேட்கிறது என்றது. எங்கேயிருந்து என்றது. லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காடு என்றேன். லைட்ஹவுஸ் என்ற சொல்லை இரண்டு முறை திருப்பிக் கேட்டது. அவர்களுக்கும் பக்கத்தில் ஒன்று இருக்கிறதாம். அட்டையை எந்த முகவரிக்கு அனுப்பட்டும் என்று கேட்டது.

பெரம்பூர் மண்டபத்தின் முகவரி எனக்கு மனப்பாடம். விரல் அதைத் தட்ட மறுத்தது. விதியை நினைத்துப் பார்த்தேன். அனுமதிக் கடிதத்தில் நிலையத்தின் இடம் பழவேற்காடு என்றுதான் இருக்கிறது. நிலையம் எங்கே இருக்கிறதோ அதுதானே நிலையத்தின் முகவரி? லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காடு தபால், மெட்ராஸ் வழி என்று தட்டிமுடித்தேன். விதிப்படி அதில் ஒரு குற்றமும் காண முடியாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

"வந்துடுச்சு! என் குறிக்கு வந்துடுச்சு!" என்று வரதராஜுலு என் முதுகில் அறைந்தார். முகவரி அவர் காதில் விழவில்லை.

"எப்பிடி உன்னுது ஆவும்?" என்றார் தேசப்பன். "படகு உன்னுது. பாடு அவருது. படகுக்கு ஒரு பங்கு உண்டு. மீனு பாட்டுக்காரனுது."

"இதுல அப்பிடி ரூல் இல்லப்பா. எங்க ரூல்படி குறி யாருதோ அவருக்குத்தான். சாரையே கேளு. ரூல் எழுதினவரே அவர்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் முதல் முறையாக விதி தெரியாதவனாக இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். "அவர் சொல்வது சரி" என்றேன். பங்காளிகள் மூங்கிலைப் பிடுங்கிக் கரையில் போட்டுவிட்டு வலையை இறக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் திரும்பினேன். டயர் பஞ்சராகவில்லை. பாதிவழியில் எந்தக் காரும் என்னைத் தாண்டிப் போகவும் இல்லை. அவர் இன்னொரு முறை பிரியாணி சாப்பிட நின்றுவிட்டாராம்.

பிறகு காத்திருப்பு. சங்கக் கூட்டத்தில் வரதராஜுலு கதையை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளமாகச் சொன்னார். அதில் என் பாகம் குறைந்துகொண்டே வந்தது. ஆவணி வாக்கில் நான் பாட்டரி தூக்கி வந்த ஆள் மட்டுமே. மண்டபச் சுவரில் நடுவில் ஓர் இடத்தைக் காலி செய்து வைத்திருந்தார். தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலுக்கு வந்தார். "இன்னும் வரல சார்" என்பார். "கப்பல் தபால் தாமதமாகும்" என்பேன். அவர் முகம் வாடுவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ராத்திரியில் அந்தச் சுகம் போய், அட்டை என் கைக்கும் வரப்போவதில்லை என்பது மட்டும் மிஞ்சும். பழவேற்காட்டுத் தபால் நிலையத்தில் அது அழுக்கேறிக்கொண்டு கிடக்கிறதோ, கருவாடு மடிக்கப் போய்விட்டதோ என்று நினைத்துக்கொள்வேன். எழுதிக் கேட்கலாம். கேட்டால் முகவரியின் கதை வெளியே வரும்.

அடைமழை முடிந்து மார்கழியும் முடிகிற அன்று காலையில், வாசலில் பழைய பாயையும் மட்கிப்போன பைல் அட்டைகளையும் எரித்துக்கொண்டிருந்தேன். பியட் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து இறங்கியவர் தேசப்பன், வெள்ளைச் சட்டையில். சட்டைப்பைமேல் ஒரு கையைப் பொத்தி வைத்திருந்தார். ஓட்டிவந்த வரதராஜுலு பின்னால் இறங்கினார்.

"வழியெல்லாம் கேக்கறேன் சார், குடுக்கமாட்டேங்கறான்" என்றார் வரதராஜுலு.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாதான் குடுக்கணும்னு ஊர்ல சொல்லிக்கீறாங்க" என்றார் தேசப்பன். மண்டபத்தின் பெயரைக் காரின் கண்ணாடியில் படித்திருந்தாராம். அதை வைத்துப் பெரம்பூரில் விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். "மழைல தபால்காரரு படகு ஏறமாட்டேனுட்டாரு. காதர் பாய் கடைலயே கெடந்துச்சு. குப்பத்துக்கு இன்னாடா இங்கிலீசுக் கடுதாசினு ஒரே ரகளை."

"எதுக்கு குப்பத்துக்கு வந்தது?" என்று வரதராஜுலு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நிலையம் அங்கேதானே இருந்தது" என்றேன்.

அட்டை வெளியே வந்தது. முன்பக்கம் பாறையும் கடலும். பின்பக்கம் வரதராஜுலுவின் அழைப்புக்குறி, பெரிய எழுத்தில். அதன் கீழே பேனாவில் இரண்டு வரி. வரதராஜுலு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு உரக்கப் படித்தார். தேசப்பனுக்காக நான் தமிழில் சொன்னேன்: விளக்கின் பக்கத்தில் இருந்த ஆபரேட்டருக்கு. நான் ஓய்வுபெற்ற தபால் துறைத் தந்தியாளன். அன்று கேட்டதில் மிக அழகாகத் தட்டிய கை உங்களுடையதுதான்.

வரதராஜுலு இரண்டாம் முறை படித்தார், இந்தத் தடவை வாய்க்குள். அட்டையைத் திருப்பிப் பாறையைப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"ஒரு சுவர் நெறைய கார்டு வெச்சிருக்கேன் சார்" என்றார். "ஒண்ணுலகூட எனக்கு எவனும் இப்பிடி எழுதல."

புகை கண்ணில் பட்டதுபோல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்து வருகிறேன். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "இன்னொரு முறை படியுங்கள், தேசப்பனுக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்றுதான் வந்தது.

தேசப்பனிடம் ஊர்த் தீர்ப்பும் இருந்தது. அட்டை குப்பத்துக்கு வந்ததால் குப்பத்துச் சொத்து. ஆனால் அங்கே இங்கிலீஷ் படிக்க ஆளில்லை. ஆகவே படகுக்காரர் வீட்டில் அரை வருடம், பாட்டுக்காரர் வீட்டில் அரை வருடம். மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் குப்பத்துக்குக் கொண்டுவந்து காட்டிவிட வேண்டும். வேட்டி மடிப்பிலிருந்து மட்டியையும் நத்தையையும் எடுத்தார். அதே இரண்டு, முதல் அரை வருடம் யாருக்கு என்று பார்க்க. என் மனைவி ஈரக்கையோடு வந்து துண்டுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தாள்.

நத்தை.

வரதராஜுலு அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். தேசப்பனைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். கார் தெருமுனையில் திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அட்டை அவருடைய சுவரில், நடுவில், தை முதல் ஆனிவரை இருக்கும். வருகிறவர்களெல்லாம் படிப்பார்கள். யாருடைய கை என்று கேட்பார்கள். அவர் என்ன சொல்வார் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வரவில்லை.

ஆடி முதல் தேதி என் பாடு. அட்டையைத் திருப்பித் தரக் கோரும் நினைவூட்டுக் கடிதத்தை அன்றே மூன்று பிரதிகளில் எழுதி வைத்துவிட்டேன். துறைக்குப் போன தை மாதம் அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் இல்லை. பாறைமுனையிலிருந்து பதில் வந்த நாள் என் குறிப்பில் இப்படி இருக்கிறது: மார்கழி கடைசித் தேதி, போகி.